தண்ணீர் எங்கே நிற்கிறது?

கடலோரக் கோட்டைகளைப் படமெடுக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த லென்ஸ் கொண்டுபோக வேண்டும் என்பதைத்தான். பதில் சொல்வதற்கு முன், அவர்கள் ஏற்கெனவே எடுத்த படங்களைக் காட்டச் சொல்வேன். சுவர் இருக்கும், கொத்தளம் இருக்கும், வானம் இருக்கும். தண்ணீர் இருக்காது. இருந்தாலும் ஓரத்தில் நீலமாக ஒரு கீற்று. அந்தச் சுவர் வேலூரில் நிற்கிறதா, தரங்கம்பாடியில் நிற்கிறதா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது.

சோழமண்டலக் கரையில் நிற்கும் பழைய கட்டடங்கள் கடலை நம்பி எழுந்தவை, கடலாலேயே தேய்ந்துகொண்டிருப்பவை. தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயில் 1306இல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டப்பட்டது. அதன் முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. கடப்பாக்கத்துக்கு அருகே உள்ள ஆலம்பறைக் கோட்டை 1750இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் கைக்கு வந்தது, 1760இல் ஆங்கிலேயர்கள் அதை இடித்தார்கள். மிச்சம் நின்ற செங்கல் சுவர்களை உப்புக் காற்று இன்றும் அரித்துக்கொண்டிருக்கிறது. சுவருக்கும் அலைக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டடங்களின் முக்கியமான செய்தி. அது தெரியாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் என் கணக்கில் பாதிப் படம்தான். எந்த நேரத்துக்குப் போவது, எங்கே நிற்பது, ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்று இனிச் சொல்லப்போவதெல்லாம் இதை வைத்துத்தான்.

வெயில் எந்தப் பக்கம்

முதலில் திசை. பேக்கல் கோட்டையின் மாலைப் படங்களை நிறையப் பார்த்திருப்பீர்கள். கேரளக் கரையில் சூரியன் கடலில் இறங்குகிறது, கோட்டையின் கடல் முகம் மாலையில் பொன்னாக மின்னுகிறது. அதே ஆசையோடு மாலை 5 மணிக்குத் தரங்கம்பாடி மணலில் வந்து நின்றால் ஏமாற்றம்தான். அங்குள்ள டேன்ஸ்போர்க் கோட்டையின் கடல் பக்கம் அந்த நேரத்தில் முழு நிழல். கிழக்குக் கரையில் கடலைப் பார்த்த சுவருக்கு நேர் வெயில் காலையில் மட்டுமே கிடைக்கும். ஆகவே கடல் பக்கத்தைக் காலையிலும், ஊர்ப் பக்கத்தை மாலையிலும் எடுங்கள். தரங்கம்பாடியில் 1792இல் கட்டிய ஊர் வாசல் மேற்கே பார்த்து நிற்கிறது. அதன் வெள்ளைச் சுவருக்கு மாலை வெயில் பொருத்தம். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து டென்மார்க்கின் ஓவ கெத்த கட்டத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டைக்கோ விடியற்காலை.

இரண்டாவது, இந்தக் கரையில் நல்ல வெளிச்சம் சீக்கிரம் ஓடிவிடும். ஐரோப்பியக் கடற்கரைகளை வைத்து எழுதிய புகைப்படப் புத்தகங்களில் பொன் நேரம் என்று மணிக்கணக்கில் சொல்வார்கள். அங்கே சூரியன் சாய்வாக ஏறுகிறது. நமக்கு அது ஏறக்குறைய நெட்டுக்குத்தாக ஏறுகிறது. உதித்து அரை மணிக்குள் வெளிச்சம் மஞ்சளிலிருந்து வெள்ளைக்கு மாறிவிடும். விடியலுக்கு முந்தைய நீல வெளிச்சமும் 20, 25 நிமிடத்துக்கு மேல் நிற்காது. அந்த நேரத்தில் இடம் தேடிக்கொண்டு அலைய முடியாது. முதல் நாள் மாலையே போய், எங்கே நிற்பது என்று முடிவுசெய்து, காலடியில் ஓர் அடையாளம் வைத்துவிட்டு வாருங்கள்.

சூரியன் நேர் கிழக்கில் உதிப்பது வருடத்தில் இரண்டு சமயம்தான். மாமல்லபுரம் பக்கம் ஜூனில் அது கிழக்கிலிருந்து 24 பாகை வடக்கே தள்ளி எழும். டிசம்பரில் அதே அளவு தெற்கே. இது சின்ன வித்தியாசம் இல்லை. டிசம்பரில் கோயில் கோபுரத்துக்கு வலப்புறம் எழுந்த சூரியன் ஜூனில் இடப்புறம் எழும். கைபேசியில் சூரியப் பாதையைக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. தேதியைக் கொடுத்தால் வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டும். பயணத் தேதியை அதைப் பார்த்து முடிவுசெய்வது நல்லது.

இன்னொன்றை வெளிநாட்டுப் புத்தகம் எதுவும் நமக்குச் சொல்லாது. சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடைப்பட்ட கரையில் ஏப்ரல் பிற்பாதியிலும் ஆகஸ்ட் பிற்பாதியிலும் நடுப்பகல் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே நிற்கும். நிழலில்லா நாள் என்று பள்ளிக் குழந்தைகளுக்குக் காட்டுகிறார்களே, அதுதான். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள மாதங்களில் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் இருக்கும். மே, ஜூன் பகலில் வடக்குச் சுவரில் வெயில், தெற்குச் சுவரில் நிழல். டிசம்பர், ஜனவரியில் அப்படியே தலைகீழ். வடக்கு முகத்தில் ஒரு வாசலோ கல்வெட்டோ இருந்து அதற்கு நேர் வெயில் வேண்டுமென்றால் கோடையில்தான் போக வேண்டும். கோடைப் பகல் வெயில் செங்குத்தாக விழுவதால் சுவரின் நெளிவுகளை நன்றாகவே காட்டும். வானம் மட்டும் வெளிறிப்போயிருக்கும். அப்போது வானத்தைத் தவிர்த்துவிட்டுச் சுவரை எடுங்கள்.

எந்த மாதம் நல்லது என்று கேட்டால், தயங்காமல் ஜனவரி, பிப்ரவரி என்பேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து காற்று கழுவிவிட்டதுபோல் இருக்கும், நண்பகல் சூரியன்கூடச் சாய்ந்தே நிற்கும், பகலில் இன்னும் கொஞ்ச நேரம் வேலைசெய்யலாம். ஆனால் கடல் சுவரை எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் மழைக்காலத்தில்தான் பார்க்க வேண்டும். நவம்பரில் அலை பெரிதாகி மணல் குறுகும். ஒரே இடத்தை நவம்பரிலும் மார்ச்சிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வருடத்துக்குள்ளேயே கரை எவ்வளவு போய்வருகிறது என்று தெரியும்.

கல்லும் சுண்ணாம்பும் செங்கலும்

கட்டடம் எதனால் ஆனது என்று தெரியாமல் கேமராவை நீட்டாதீர்கள். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். சுண்ணாம்பு பூசிய வெள்ளைச் சுவரை ஃபிரேம் முழுக்க வைத்தால் படம் மங்கலாக வரும். ஒளியளவை ஒரு நிறுத்தம் (ஸ்டாப்) கூட்டுங்கள். கடற்கரைக் கோயிலின் கருங்கல் நிறைந்திருந்தால் படம் தேவைக்கு மேல் வெளிறும், வானம் எரிந்துபோகும். முக்கால் நிறுத்தம் குறையுங்கள். கைபேசியில் திரையில் சுவரின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் அளவு பூட்டிக்கொள்ளும், பிறகு விரலை மேலும் கீழும் இழுத்துக் கூட்டிக் குறைக்கலாம். இந்த ஒரு பழக்கமே கைபேசிப் படங்களைப் பாதிக்கு மேல் திருத்திவிடும்.

கருங்கல்லின் சிற்பத்துக்குப் பக்க வெளிச்சம் வேண்டும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலை எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டினான். ஆயிரத்து முந்நூறு வருட உப்புக் காற்றில் சிற்பங்களின் முகம் மழுங்கிவிட்டது. நேர் வெயிலில் அவை வெறும் மேடுகளாகத் தெரியும். சூரியன் தாழ்வாக இருந்து வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு போகும்போதுதான் சிங்கத்தின் பிடரியும் நந்தி வரிசையும் மீண்டும் உருவம் பெறும். கோயிலின் பெரிய விமானம் கிழக்கே கடலைப் பார்க்கிறது, சிறியது மேற்கே ஊரைப் பார்க்கிறது, நடுவில் பள்ளிகொண்ட பெருமாள். ஆகவே காலையில் பெரிய கருவறைக்கு முன்னாலும், மாலையில் சிறியதற்கு முன்னாலும் நில்லுங்கள். இரண்டு விமானமும் ஒன்றையொன்று மறைக்காமல் விலகித் தெரிய வேண்டுமானால் வடக்கு அல்லது தெற்குப் புறப் புல்வெளிக்குப் போக வேண்டும். அங்கிருந்து எடுத்தால் கடலும், கோயிலைக் காக்கக் கொட்டிய பாறைகளும் ஒரே படத்துக்குள் வந்துவிடும். அந்தப் பாறைகளை ஒதுக்கிவிட்டு எடுப்பவர்கள் அதிகம். என்னைக் கேட்டால் அவை கட்டாயம் இருக்க வேண்டும். அந்தத் தடுப்பு ஏன் தேவைப்பட்டது என்பதும் கோயிலின் வரலாறுதானே.

நேரக் கணக்கையும் பாருங்கள். இங்கே காலை 6 முதல் மாலை 6 வரை உள்ளே விடுகிறார்கள். ஜனவரியில் சூரியன் 6.30 வாக்கில் உதிப்பதால் நீல வெளிச்சத்திலேயே உள்ளே இருக்கலாம். ஜூனில் 5.45க்கே உதித்துவிடும், கதவு திறக்கும்போது நல்ல வெளிச்சத்தில் பாதி போயிருக்கும். அந்த மாதங்களில் உதயத்தை வெளியே மணலில் நின்று எடுங்கள், பிறகு உள்ளே போங்கள். நுழைவு நேரமும் கட்டணமும் மாறக்கூடியவை. முதல் நாளே டிக்கெட் கவுன்ட்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

செங்கல் கோட்டைகளுக்கு வேறு பக்குவம். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கட்டியதும் ஆலம்பறையும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்தவை. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை போனால், நனைந்த செங்கல் ஆழ்ந்த சிவப்பில் இருக்கும், காரை வெளுத்துத் தெரியும், அடுக்குகளை எண்ணலாம். ஆலம்பறையில் சுவர் விழுந்த இடங்களில் அதன் உள்வயிறு வெளியே தெரிகிறது. கட்டுமானம் எப்படி நடந்தது என்பதை அங்கே ஒரு படத்தில் சொல்லிவிடலாம். அதற்காகச் சிதைந்த சுவரின் மேல் ஏறாதீர்கள். கால் வைத்த இடத்தில் காரை உதிரும், அது திரும்பி வராது. தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு மிஞ்சிய தேவாலயச் சுவருக்கும் இதைத்தான் சொல்வேன். அது பவளக்கல், தொட்டாலே பொடி உதிரும் நிலையில் இருக்கிறது.

சதுரங்கப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் டச்சுக் கல்லறைகளில் எழுத்தும் உருவமும் அழகாக வெட்டியிருப்பார்கள். பழவேற்காட்டுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் எலும்புக்கூட்டு உருவங்களே காவல் நிற்கின்றன. படுத்த கல்லில் உள்ள எழுத்து நடுப்பகலில் படிக்க வராது. ஒருவரைக் குடை பிடிக்கச் சொல்லி வெயிலை மறையுங்கள். இன்னொருவர் கைபேசி டார்ச்சைக் கல்லின் ஓரத்தில், கல்லோடு கல்லாகத் தாழ்த்திப் பிடிக்கட்டும். எழுத்துகளின் பள்ளத்தில் நிழல் விழுந்து ஒவ்வோர் எழுத்தும் எழுந்து நிற்கும். சாக்பீஸ் தேய்ப்பது, எண்ணெய் பூசுவது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம். கல்வெட்டைப் படிப்பதற்காக அதை அழிக்கிற வேலை அது.

நீளமான சுவரை ஒரே படத்தில் அடக்க ஆசைப்பட்டு அகலக் கோண லென்ஸ் போட்டால் நடுப்பகுதி வீங்கி ஓரங்கள் ஓடிவிடும். சுவருக்கு இணையாக நடந்து, சம தூரத்தில் நின்று, மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று வரும்படி பல படங்கள் எடுத்துப் பிறகு ஒட்டுங்கள். 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை லின்னேயஸ் டிரைப் என்ற புகைப்படக்காரர் இப்படித்தான் எடுத்தார். 21 படங்களைச் சேர்த்து ஒரே நீளச் சுருளாக ஆக்கினார். அந்தக் காலத்துப் பெட்டிக் கேமராவை வைத்துக்கொண்டு அவர் செய்ததை, சட்டைப் பையிலிருக்கும் கருவியால் நாம் செய்ய முடியாதா?

கோபுரம் சாயக்கூடாது

கலங்கரை விளக்கத்தைக் கீழே நின்று அண்ணாந்து எடுத்தால் மேலே ஒடுங்கிப் பின்னால் சாய்ந்து விழுவதுபோல் வரும். காரணம் எளிது: கேமரா சாய்ந்தால் கோடுகள் சாயும். கேமராவை நிமிர்த்தி, அடிவானம் ஃபிரேமின் நடுவில் வரும்படி வையுங்கள். உச்சி வெட்டுப்பட்டால் பின்னால் நடங்கள். கோபுரத்தின் உயரத்தைப்போல் நான்கு முதல் ஆறு மடங்கு தூரம் போய், 70 முதல் 100 மி.மீ. லென்ஸில் எடுங்கள். கைபேசியில் 2 மடங்கு அல்லது 3 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். கீழ்ப்பாதியில் மணலோ படகோ நிறைய வந்தால் நல்லதுதான், இல்லையென்றால் பிறகு வெட்டிக்கொள்ளலாம். 0.5 என்று காட்டும் அகலக் கோணத்தைக் கோபுரங்களுக்குத் தொடவே வேண்டாம்.

மாமல்லபுரத்தில் ஒரு காட்சியைப் பலர் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள். குன்றின் மேல் எட்டாம் நூற்றாண்டின் ஒலக்கணேஸ்வரர் கோயில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கப்பல்களுக்கான விளக்கை அந்தக் கோயிலின் தலையில்தான் ஏற்றினார்கள். பிறகு பக்கத்திலேயே கல்லால் வட்டக் கோபுரம் கட்டி 1904 முதல் விளக்கை அங்கே மாற்றினார்கள். பழைய விளக்கு மேடையும் புதிய கோபுரமும் சேர்ந்து வரும் கோணம் அந்தக் குன்றிலேயே கிடைக்கும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கல் நிறம் என்பதால், ஒன்றில் வெயிலும் மற்றதில் நிழலும் இருக்கும் நேரம் பார்த்து எடுத்தால் பிரிந்து தெரியும்.

அந்தக் கோபுரத்தின் மேலே ஏற அனுமதிக்கும் நேரத்தில், மாலை 4 மணிக்கு மேல் ஏறுங்கள். கடற்கரைக் கோயில் அங்கிருந்து கிழக்கே இருக்கிறது. உங்கள் முதுகுப் பக்கத்து வெயில் கோயிலின் மேற்கு முகத்தில் நேராக விழும், பின்னால் கடல் கருநீலமாக நிற்கும். 100 முதல் 200 மி.மீ. போதும். ஊருக்கும் கோயிலுக்கும் கடலுக்கும் உள்ள இடைவெளி வேறு எங்கிருந்தும் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. மேலே காற்று பலமாக இருக்கும், கேமரா வாரைக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம். அந்தத் திசையில் கேமராவைத் திருப்பலாமா என்று ஊழியரிடம் கேட்காமல் எடுக்க வேண்டாம். சதுரங்கப்பட்டினம் கோட்டைக்கும் அணுமின் நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் அங்கும் இதே எச்சரிக்கை.

இரவில் விளக்கின் கீற்றைப் பிடிக்க நினைப்பவர்கள் முதலில் கேமராவைக் கீழே வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் தனக்கென்று ஒரு மின்னும் கணக்கு உண்டு. இத்தனை நொடிக்கு ஒரு மின்னல், அல்லது இரண்டு மின்னல் சேர்ந்து பிறகு இருட்டு. மாலுமி அதை எண்ணித்தான் இது எந்தக் கரை என்று தெரிந்துகொள்கிறார். நீங்களும் எண்ணுங்கள். 10 நொடிக்கு ஒருமுறை என்றால் ஷட்டரை அதைவிடச் சற்றுக் கூடுதலாகத் திறந்து வைத்தால் ஒரு சுற்று முழுதாகப் பதியும். 30 நொடி வைத்தால் உச்சிக் கூண்டு வெளிச்சத்தில் கரைந்து வெள்ளைப் பொட்டாகிவிடும். எஃப் 8, ஐஎஸ்ஓ 400இல் தொடங்கிப் பாருங்கள். வானம் முழுக்க இருட்டுவதற்கு முன், நீலம் கொஞ்சம் மிச்சமிருக்கும்போது எடுத்தால்தான் கோபுரத்தின் உடலும் தெரியும். காற்றில் லேசாக ஈரமோ மூட்டமோ இருந்தால் கீற்று துலங்கும்; துடைத்துவிட்ட வானத்தில் அது கண்ணுக்கே படாது.

நிலவுக்கு ஒரு யோசனை. பௌர்ணமியன்று நிலவு கடலிலிருந்து எழும்போது வானம் இருட்டத் தொடங்கியிருக்கும். நிலவு சரியாகப் பதிந்தால் கோட்டை கரியாகிவிடும். அதற்கு முதல் நாள், சதுர்த்தசி மாலையில் போங்கள். சூரியன் மறைய முக்கால் மணி நேரம் இருக்கும்போதே நிலவு எழுந்துவிடும். மேற்கே நின்று எடுக்கும் உங்களுக்குக் கட்டடத்தில் மாலை வெயிலும், அதன் பின்னால் நிலவும் ஒரே அளவீட்டில் கிடைக்கும். வீட்டுத் தினசரிக் காலண்டரே இதற்குப் போதும். பௌர்ணமி நிலவு மார்கழியில் கிழக்குக்கு வடக்கே தள்ளியும், ஆனியில் தெற்கே தள்ளியும் எழும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இடம் பாருங்கள்.

அலையை அழிக்காதீர்கள்

கறுப்புக் கண்ணாடி ஃபில்டர் போட்டு ஷட்டரை ஒரு நிமிடம் திறந்து வைத்து, கடலைப் பாலாக்கிவிடும் பழக்கம் பரவிவிட்டது. பல இடங்களில் அது அழகுதான். இந்தக் கட்டடங்களுக்கு வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். சுவரைத் தின்றுகொண்டிருக்கும் அலையை நாமே துடைத்துவிட்டு, அமைதியான ஏரிக்கரையில் நிற்கும் கட்டடமாக அதைக் காட்டுவது பொய். கால் நொடி, அரை நொடி வையுங்கள். அலையின் உருவமும் ஓட்டமும் இரண்டும் பதியும். பாறையில் மோதிச் சிதறுவதை நிறுத்தி வைக்க வேண்டுமானால் ஆயிரத்தில் ஒரு நொடி. பத்து நிமிடம் வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றால் பெரிய அலைகள் கூட்டமாக வந்து ஓய்வது புரியும். அந்தப் பெரிய அலை சுவரருகே எதுவரை ஏறுகிறதோ அந்தக் கணம்தான் உங்களுக்கு வேண்டியது.

அந்தப் பத்து நிமிடம் உயிருக்கும் பாதுகாப்பு. இந்தக் கரையில் ஏற்றவற்றம் அதிகம் இல்லை, சென்னைப் பக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஆபத்து அலையில் இருக்கிறது. தடுப்புப் பாறைகளில் பாசி வழுக்கும். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வ்யூஃபைண்டரில் மூழ்காதீர்கள். ராமநாதபுரம், கன்னியாகுமரிப் பக்கம் உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் தூரக் கடலில் எழுந்த அலை திடீரென்று கரையேறும், கள்ளக்கடல் என்பார்கள். ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். அதைவிட நல்லது, கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம், "அண்ணே, இன்னைக்குக் கடல் எப்படி?" என்று கேட்பது. வீசும் காற்று வாடையா, கொண்டலா, கச்சானா, அது எப்போது திரும்பும் என்று அவருக்குத் தெரியும். காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும்வரை உங்கள் லென்ஸ் சுத்தமாக இருக்கும். பகலில் கடற்காற்று திரும்பியதும் உப்புத் துளி படியத் தொடங்கும்.

உப்புப் படிந்த லென்ஸை உடனே துணியால் தேய்க்காதீர்கள். மணல் துகள் கோடு போட்டுவிடும். முதலில் ஊதுகுழாயால் ஊதி, பிறகு காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்த துணியால் ஒற்றி எடுத்து, கடைசியில் உலர்ந்த துணி. மணலில் லென்ஸ் மாற்றாமல் இருப்பதே நல்லது. ஏசி அறையிலிருந்து விடியற்காலை வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்க மூட்டம் போட்டுவிடும், அந்த 20 நிமிட நீல வெளிச்சம் துடைப்பதிலேயே போய்விடும். பையை முன்கூட்டியே வராந்தாவில் வைத்துவிடுங்கள். முக்காலியின் கால்களை வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

முக்காலி என்றதும் இன்னொன்று. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் கையில் பிடித்து எடுக்கத் தடையில்லை. முக்காலிக்கு முன்அனுமதி வேண்டும், டிரோனுக்கும் அப்படியே. கல்பாக்கம் சுற்றுவட்டாரத்தில் டிரோனை நினைக்கவே வேண்டாம். அனுமதி இல்லாதபோது மடித்த துண்டின் மேல் கேமராவைத் தரையில் வைத்து, இரண்டு நொடி டைமரில் எடுங்கள். தாழ்ந்த கோணத்தில் நனைந்த மணலில் கோட்டையின் பிம்பமும் கிடைக்கும்.

கோட்டையைச் சுற்றி இருப்பது வெறும் பின்னணி இல்லை, ஒரு குப்பம். படகு, வலை, கருவாடு காயும் விரிப்பு எல்லாம் யாருடைய பிழைப்போ. அவற்றை முன்னணியில் வைத்து எடுத்தால் சுவரின் உயரமும் கரையின் அகலமும் அளவு தெரியும், படத்துக்கும் உயிர் வரும். ஆனால் ஆளை எடுக்கும் முன் கேட்க வேண்டும். மீன் உலர்த்தும் பெண்ணிடம், "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டு, வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு நகர வேண்டும். எடுத்தால் அவர்களுக்கு அனுப்ப வேண்டும். அவர்களிடம் பேசினால், இருபது வருடத்துக்கு முன் தண்ணீர் எங்கே நின்றது, 2004 சுனாமியில் எதுவரை ஏறியது என்று கையை நீட்டிக் காட்டுவார்கள். அவர்கள் கை காட்டும் அந்த இடத்தில் நின்று ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

எடுத்த பிறகு திருத்தும்போது நிறத்தையும் ஒளியையும் சரிசெய்வது தப்பில்லை. தடுப்புப் பாறை, மின்கம்பம், தகவல் பலகை இவற்றை அழிக்கும் வசதி இப்போது கைபேசியிலேயே வந்துவிட்டது. அதைத் தொடாத ஒரு பிரதியைத் தனியாக வைத்திருங்கள். 'ரா' கோப்பும் இருந்தால் நல்லது. படத்தின் பெயரில் தேதியும் இடமும் இருக்கட்டும். குறிப்பில் நின்ற இடம், பார்த்த திசை, லென்ஸின் அளவு, சுவரிலிருந்து அலை தொட்ட கோடு வரை எத்தனை தப்படி என்று எழுதுங்கள். தப்படியை நீங்களே நடந்து எண்ணுங்கள். கண்ணளவு பெரும்பாலும் ஏமாற்றும். அடுத்த வருடம் அதே மாதத்தில், அதே இடத்தில், அதே லென்ஸோடு நிற்பதற்கு இந்தக் குறிப்பு வேண்டும். முதல் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு, சுவரின் ஒரு மூலையும் பின்னால் ஒரு கோபுரமோ மரமோ அதே இடத்தில் ஒன்றும்வரை நகர்ந்து நகர்ந்து பொருத்துங்கள். பொருந்தியதும் எடுங்கள். ஒரு பிரதியை அந்த இடத்தைப் பராமரிக்கும் தொல்லியல் துறை அலுவலகத்துக்கு, தேதியும் தப்படிக் கணக்கும் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.